மோனோபொலி: 32 வீடு, ஒரு வங்கி, ஆளில்லாத அரசாங்கம்

பிள்ளைகளுக்கு வியாபாரம் என்றால் என்ன, சந்தை எப்படி ஓடுகிறது என்று கொஞ்சம் புரியட்டும் என்ற நினைப்பில் மோனோபொலி வாங்குகிறவர்கள் நிறைய. பகடை உருட்டிக் கட்டங்களைச் சுற்றிவந்து, நின்ற தெருவை வாங்கி, மற்றவர் அங்கே வந்து நின்றால் வாடகை வசூலிக்கும் பலகை விளையாட்டு அது. பொழுதுபோக்காக அது எப்படி என்று போதுமான அளவு எழுதியாகிவிட்டது. இங்கே கேள்வி வேறு. சந்தைப் பொருளாதாரத்தையும் அதில் அரசாங்கம் செய்கிற வேலையையும் சொல்லிக்கொடுக்கும் கருவியாக இந்தப் பெட்டி தேறுமா?

சந்தைப் பாடத்தில் பாதி மதிப்பெண் தரலாம். அரசாங்கப் பாடத்தில் பெட்டி கோட்டை விடுகிறது. தேறுகிற அந்தப் பாதியையும், விதித்தாளைப் படிக்காமல் விளையாடி நாமே கெடுத்துவிடுகிறோம்.

முதலில் பெட்டிக்குள் என்ன இருக்க வேண்டும் என்று எண்ணிவிடலாம். பலகையில் 40 கட்டம். விலைக்கு வருபவை 28: எட்டு நிறங்களில் 22 தெரு, 4 ரயில்வே, மின்சாரம், தண்ணீர் என்று 2 சேவை நிறுவனம். ஒவ்வொன்றுக்கும் ஒரு உரிமைப் பத்திர அட்டை. எடுத்துப் படித்து அதன்படி நடக்க வேண்டிய சான்ஸ் அட்டை 16, கம்யூனிட்டி செஸ்ட் அட்டை 16. பச்சை வீடு 32, சிவப்பு ஹோட்டல் 12, பகடை 2. தொடக்கத்தில் ஆளுக்கு 1,500 டாலர்.

28 சொத்துக்கும் அச்சிட்டிருக்கும் விலையைக் கூட்டினால் 5,690 டாலர் வரும். நாலு பேர் உட்கார்ந்தால் எல்லார் கையிலும் சேர்த்து 6,000. பணமும் பொருளும் ஏறக்குறைய சமம். இரண்டே பேர் என்றால் 3,000. ஏலத்துக்கு வரும் நிலம் அடிமாட்டு விலைக்குப் போகும். ஆறு பேர் என்றால் 9,000. அதே நிலம் அச்சிட்ட விலையைத் தாண்டும். பலகையும் அதே, பத்திரமும் அதே. கேட்கிற ஆளும் கையிலிருக்கிற காசும் மாறியதும் விலை மாறுகிறது. பாடம் நடத்த நாலு பேர் சரியான எண்ணிக்கை. மூன்று பேர் இருந்தாலும் ஒப்பேற்றலாம்.

ஆனால் இதெல்லாம் ஏலம் நடந்தால்தான். இந்த விளையாட்டில் அதிகம் மீறப்படும் விதி இதுதான். ஒருவர் விலை போகாத தெருவில் வந்து நிற்கிறார், அச்சிட்ட விலைக்கு வாங்க விருப்பமில்லை. பெரும்பாலும் ‘வேண்டாம்’ என்று சொல்லிவிட்டுப் பகடையை அடுத்தவரிடம் தள்ளிவிடுவார்கள். விதித்தாள் அப்படிச் சொல்லவில்லை. வேண்டாம் என்ற அந்த நிமிஷமே வங்கி அதை ஏலம் விட வேண்டும். யாரும் கேட்கலாம், வேண்டாம் என்றவரும் கேட்கலாம், எந்தத் தொகையிலும் தொடங்கலாம். இதை விட்டுவிட்டால் இரண்டு கேடு. நிலம் கைமாற நேரமாகி, விளையாட்டு மூன்று நாலு மணி நேரம் இழுக்கும். அதைவிட முக்கியம், விலை எப்படி உருவாகிறது என்று காட்டுகிற ஒரே இயந்திரம் பெட்டிக்குள்ளேயே உறங்கிப்போகும்.

ஒரு ஏலத்தைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம். ஆரஞ்சு நிறத்தில் மூன்று தெரு: செயின்ட் ஜேம்ஸ், டென்னஸி, நியூயார்க். ஒருவரிடம் முதலும் கடைசியும் இருக்கின்றன. கையில் 620 டாலர். அவரை ஆரஞ்சுக்காரர் என்று வைத்துக்கொள்வோம். வேறொருவர் டென்னஸியில் வந்து நிற்கிறார், விலை 180, அவரிடம் இருப்பது 150. ஏலம் 10 டாலரில் தொடங்குகிறது. 150 வைத்திருப்பவர் 110-இல் நின்றுவிடுகிறார். இன்னொரு எதிராளியிடம் 500 இருக்கிறது. அவருக்கு டென்னஸியால் கிடைக்கப்போகும் நேரடி வருமானம், யாராவது வந்து மிதித்தால் 14 டாலர் வாடகை. அவ்வளவுதான். ஆனாலும் 180-ஐத் தாண்டி 250, 300 என்று ஏற்றுகிறார். காரணம், அந்தத் தெரு ஆரஞ்சுக்காரர் கைக்குப் போனால் நிறம் முழுமையாகும், வீடு கட்டத் தொடங்குவார், தெருவுக்கு மூன்று வீடு ஏறினால் வாடகை 550, 550, 600. எதிராளி கேட்கும் விலை, டென்னஸி அவருக்குத் தரும் வருமானத்துக்கான விலையே இல்லை. அது வராமல் தடுக்கப்போகும் நஷ்டத்துக்கான விலை.

கடைசியில் ஆரஞ்சுக்காரர் 350-க்கு எடுக்கிறார். மீதி 270. ஆரஞ்சில் ஒரு வீட்டுக்கு 100 டாலர். ஆக இரண்டு வீடுதான் கட்ட முடியும். மூன்று தெருவிலும் மும்மூன்று வீடு எழுப்ப 900 வேண்டும். எதிராளி ஏலத்தில் தோற்றார் என்பது கணக்கில் ஒரு பக்கம். அச்சிட்ட விலைக்கு மேல் 170 கொடுக்க வைத்து ஆரஞ்சுக்காரரின் கட்டுமானப் பணத்தைக் கரைத்துவிட்டார் என்பது மறுபக்கம். நிலத்தில் போட்ட காசு கட்டடத்துக்கு இல்லை என்பதைப் பத்துப் பக்கம் எழுதினாலும் இந்த இரண்டு நிமிடம் அளவுக்கு மண்டையில் ஏறாது.

பேரமும் அப்படித்தான். தனக்குக் குறைவாகப் பயன்படுவதைக் கொடுத்து, அதிகம் பயன்படுவதை வாங்கினால் இரண்டு பேருக்கும் லாபம். யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. சந்தை என்ற சொல்லுக்கு உள்ள அடிப்படைப் பொருள் இதுதான், பெட்டி இதை நன்றாகவே காட்டுகிறது. சிக்கல், பேரத்தில் எதிர்கால வாக்குறுதி நுழையும்போது வருகிறது. ‘இந்தத் தெருவை எனக்குக் கொடு, நீ மூன்று முறை மிதித்தாலும் வாடகை கேட்க மாட்டேன்’ என்பது போல. ஆட்டக்காரர்கள் ஒருவருக்கொருவர் கடன் கொடுக்கக் கூடாது என்று விதித்தாள் சொல்கிறது. இப்படிப்பட்ட வாக்குறுதிகளுக்கு அதில் இடம் இல்லை. அனுமதிக்கிற குழுக்களில் நாலாவது சுற்றில் சண்டை நிச்சயம். பாடம் நடத்துகிறவர் இதைத் தடுக்க வேண்டாம், பயன்படுத்திக்கொள்ளலாம்: ஒரு துண்டுத்தாளில் எழுதி, இரண்டு பேரும் கையெழுத்திட்டு, வங்கியாளரிடம் கொடுத்தால் மட்டும் செல்லும்; மீறினால் வங்கியாளர் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடுவார். அந்தத் தாள் வந்த பிறகு, முன்பு யாரும் நம்பாத பேரங்களெல்லாம் நடக்கும். ஒப்பந்தத்தை நிறைவேற்றி வைக்க ஒரு மூன்றாவது ஆள் இருந்தால் வியாபாரம் பெருகும் என்பதற்கு இதைவிடச் சுருக்கமான செய்முறை கிடையாது. அரசாங்கம் செய்யும் வேலைகளில் முதலாவது அது.

இனி வாடகை. இங்கேதான் பெட்டி சந்தையை விட்டு விலகுகிறது. நிஜத்தில் ஒரு கடைக்காரர் விலையை ஏற்றினால் வாங்குகிறவர் பக்கத்துக் கடைக்குப் போவார், அல்லது வாங்காமலே இருப்பார். ‘வேண்டாம்’ என்கிற அந்த உரிமைதான் விற்பவரின் கையைக் கட்டுகிறது. மோனோபொலியில் பகடை கொண்டுபோய் நிறுத்துகிற இடத்தில் பணம் கொடுத்தே ஆக வேண்டும். போர்ட்வாக்கில் ஹோட்டல் இருந்தால் 2,000 டாலர்; ‘இந்த ஹோட்டல் கட்டுப்படியாகாது, அடுத்த தெருவில் தங்கிக்கொள்கிறேன்’ என்று சொல்ல வழியில்லை. தரத்தைக் கூட்டி வாடிக்கையாளரை இழுப்பது, செலவைக் குறைத்து விலையைக் குறைப்பது, புதுச் சரக்கு கொண்டுவருவது, இவை எதற்கும் பலகையில் கட்டம் கிடையாது. சந்தைப் பொருளாதாரத்தை உந்தும் போட்டி என்பதே இதில் பாதி வழியில் நின்றுவிடுகிறது: சொத்து வாங்குவதில் போட்டி உண்டு, வாடிக்கையாளருக்கான போட்டி இல்லை. இதைச் சொல்லாமல் விளையாட விட்டால், வியாபாரம் என்றாலே வழியில் வருபவனைப் பிடித்து உருவுவதுதான் என்று பிள்ளைகள் முடிவு கட்டிவிடுவார்கள்.

அதே வாடகைப் பட்டியலுக்குள் ஒரு நல்ல கணக்கு ஒளிந்திருக்கிறது. செயின்ட் ஜேம்ஸ் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். வெறும் நிலத்துக்கு வாடகை 14. நிறம் முழுதும் ஒருவரிடம் இருந்தால் இரட்டிப்பாக 28. ஒரு வீடு 70, இரண்டு 200, மூன்று 550, நாலு 750, ஹோட்டல் 950. ஒவ்வொரு படிக்கும் செலவு அதே 100 டாலர். கூடுதல் வாடகை மட்டும் முறையே 42, 130, 350, 200, 200. மூன்றாவது வீட்டில் உச்சம், பிறகு இறக்கம். பட்டியலில் மொத்த வாடகை ஏறிக்கொண்டே போவதால் ஹோட்டல்தான் பெரிது என்று தோன்றும். அடுத்த 100 டாலரை எங்கே போடுவது என்று கேட்டால் விடை வேறு: ஒரு தெருவில் ஹோட்டல் எழுப்புவதைவிட இன்னொரு நிறத்தில் மூன்றாம் வீட்டை எட்டுவது மேல். தொழில் நடத்துகிறவர் தினமும் போடுகிற கணக்கு இதுதான். மொத்த லாபத்தைப் பார்ப்பதில்லை, அடுத்த ரூபாய் எவ்வளவு கொண்டுவரும் என்றே பார்ப்பார்.

ஆரஞ்சு ஏன் எல்லாருக்கும் பிடிக்கிறது என்பதும் கணக்குதான். பலகையில் ஆட்கள் அதிகம் வந்து சேரும் இடம் சிறை. அங்கிருந்து ஆரஞ்சுத் தெருக்கள் 6, 8, 9 கட்டம் தள்ளி இருக்கின்றன. இரண்டு பகடையில் இந்த மூன்றில் ஒன்று விழ 36-க்கு 14 வாய்ப்பு. நிலம் 560, ஒன்பது வீட்டுக்கு 900, மொத்தம் 1,460. தொடக்கக் காசு 1,500-க்குள் அடங்குகிறது. உரிமையாளர் எதுவும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை, தெரு இருக்கும் இடம் சம்பாதித்துக் கொடுக்கிறது. இந்த விளையாட்டை முதலில் உருவாக்கியவர் உரக்கச் சொல்ல நினைத்ததும் அதைத்தான். அது பிறகு.

32 வீடு என்ற எண்ணுக்கு வருவோம். வங்கியிடம் வீடு தீர்ந்துவிட்டால் யாரும் கட்ட முடியாது. வேறொருவர் வீட்டை வங்கிக்குத் திருப்பி விற்கும்வரை காத்திருக்க வேண்டும். இருப்பதைவிட அதிகம் பேர் கேட்டால் மிச்ச வீடுகள் ஏலத்துக்கு. விவரம் தெரிந்தவர்கள் இதை ஆயுதமாக்குவார்கள். வெளிர்நீலம் மூன்று தெருவிலும் நாலு நாலு வீடு, ஆரஞ்சிலும் நாலு நாலு. ஆக 24 வீடு ஒரே கையில். ஹோட்டலாக மாற்றினால் அந்த வீடுகள் வங்கிக்குத் திரும்பிவிடும் என்பதால் வேண்டுமென்றே மாற்றாமல் உட்கார்ந்திருப்பார். மற்ற மூவருக்கும் சேர்த்து மிச்சம் 8. பணம் இருக்கிறது, நிலம் இருக்கிறது, கட்ட முடியவில்லை.

சந்தையில் இப்படி ஒரு தட்டுப்பாடு வந்தால் அடுத்து என்ன நடக்க வேண்டும்? வீட்டு விலை ஏறும், அந்த விலையைப் பார்த்து யாரோ ஒருவர் செங்கல் சூளை போடுவார், சரக்கு பெருகும், விலை இறங்கும். விலை என்பது மணியடித்துச் சொல்லும் செய்தி. பெட்டியில் மணி அடிக்கிறது, ஓடிவர ஆள் இல்லை. 32 என்பது ஒரு கோட்டா. உரிமம் இத்தனைதான் என்று ஒரு அலுவலகம் முத்திரை குத்தி வைத்தது போன்றது. பதுக்குவதும் முன்கூட்டி வளைத்துப்போடுவதும் அங்கே கெட்டிக்காரத்தனமாகிவிடுகின்றன. உரிமத்துக்கு உச்சவரம்பு போட்ட எந்தத் தொழிலிலும் இதே காட்சியைப் பார்க்கலாம். சரக்கு தீர்ந்ததும் தீப்பெட்டியோ பொத்தானோ வைத்து ‘கூடுதல் வீடு’ கட்டிக்கொள்ளும் குழுக்கள் இந்தப் பாடத்தையே அழித்துவிடுகின்றன. பொத்தானுக்கு வேறு வேலை இருக்கிறது, கீழே சொல்லப்படும்.

வங்கி விஷயத்தில் விதித்தாள் தமாஷானது. வங்கி ஒருபோதும் திவாலாகாது. நோட்டுத் தீர்ந்தால் வங்கியாளர் சாதாரணத் தாளில் எழுதிக் கொடுக்கலாம். இந்தப் பெட்டி பரவலாக விற்பனைக்கு வந்தது 1935-இல். அதற்கு இரண்டு வருஷம் முன்புதான், 1933 மார்ச்சில், அமெரிக்காவின் வங்கிகளுக்கெல்லாம் அரசாங்கமே விடுமுறை விட்டு மூடியது. அதே வருஷம் வைப்புத்தொகைக் காப்பீட்டுக் கழகமும் உருவானது. பலகையில் அந்தக் கவலையே இல்லை.

பணம் வெளியே வரும் பெரிய குழாய், சுற்று முடிந்து ‘கோ’ கட்டத்தைத் தாண்டும்போது கிடைக்கும் 200. வங்கிக்குத் திரும்பும் குழாய்கள் பல: நிலத்தின் விலை, வீட்டின் விலை (திருப்பி விற்றால் பாதிதான் கிடைக்கும்), அடமானத்தை மீட்க 10 சதவீத வட்டி, வரி, அபராதம். இந்த இரண்டும் ஒன்றையொன்று சமாளிக்கும்படிதான் அமைப்பு. ‘ஃப்ரீ பார்க்கிங்’கில் வந்து நிற்பவருக்கு வரிப் பணம் எல்லாம் என்று ஆடுகிறவர்கள் தாங்களே சேர்த்துக்கொள்ளும் சொந்த விதி அதில் ஓட்டை போடுகிறது. விதித்தாளில் அப்படி எதுவும் இல்லை. அது ஒன்றும் நடக்காத வெறும் கட்டம். வரியைக் குவித்துத் திருப்பிக் கொடுத்தால் சாக வேண்டியவர் சாகமாட்டார், பணம் வெளியேறாது. அச்சிட்ட விலையும் வாடகையும் மாறாதவை என்பதால் பணம் பெருகி விலை ஏறும் வீக்கம் அங்கே தெரியாது. ஏலத்திலும் பேரத்திலும்தான் தெரியும். முன்பு 200-க்குப் போன ரயில்வே 450-க்குப் போகும். ஒருமுறை இந்தச் சொந்த விதியோடும் ஒருமுறை இல்லாமலும் விளையாடி, ஏலத் தொகைகளை மட்டும் ஒரு தாளில் குறித்து வைத்து ஒப்பிடுங்கள். பணவீக்கத்துக்கு வேறு விளக்கம் தேவைப்படாது.

இப்போது அரசாங்கம். மேலோட்டமாகப் பார்த்தால் அது பலகையில் மூன்று இடத்தில் இருக்கிறது: வருமான வரி 200, ஆடம்பர வரி 100 (2008-க்கு முன் 75), சிறை. மூன்றும் மோசமான பாடம். வரி வங்கிக்குள் போய் மறைகிறது. அந்தப் பணத்தில் ஒரு சாலைகூடப் போடப்படுவதில்லை. பழைய பதிப்பில் 200 அல்லது சொத்தில் 10 சதவீதம் என்று தேர்ந்தெடுக்கலாம். இப்போது எல்லாருக்கும் ஒரே 200. ஹோட்டல் முதலாளிக்கும் அடமானத்தில் மூழ்கியவருக்கும் ஒரே தொகை என்றால் யாரை அழுத்தும் என்று சொல்ல வேண்டியதில்லை. சிறைக்குப் போகக் குற்றம் தேவையில்லை. கடைசிக் கட்டத்தில் சிறையே சொர்க்கம்: உள்ளே இருந்துகொண்டே வாடகை வாங்கலாம், வெளியே போய் யார் ஹோட்டலையும் மிதிக்க வேண்டாம். விவரமானவர்கள் 50 டாலர் கட்டி வெளியே வர மறுப்பது அதனால்தான். ஓரளவு உருப்படியான வரி கம்யூனிட்டி செஸ்டில் கிடக்கிறது: தெருப் பராமரிப்புக்கு வீட்டுக்கு 40, ஹோட்டலுக்கு 115. எதற்கு வாங்குகிறார்கள், யாரிடம் எவ்வளவு என்று சொல்லி வாங்கும் வரி அது ஒன்றுதான்.

உண்மையான அரசாங்கம் கண்ணில் படாத இடத்தில் இருக்கிறது. அந்த 28 பத்திர அட்டைகள்தான் அது. இது யாருடையது என்பதில் சந்தேகமே எழுவதில்லை, ஒரே நிலத்துக்கு இரண்டு பத்திரம் கிடையாது, எல்லாரும் ஒரே நோட்டை வாங்கிக்கொள்கிறார்கள், விதித்தாள் எல்லாருக்கும் ஒன்றே. ஒரு பத்திர அட்டையை ஒளித்துவைத்துவிட்டு விளையாடச் சொல்லிப் பாருங்கள். இரண்டாவது சுற்றில் ஏலமும் பேரமும் நின்று வாக்குவாதம் தொடங்கும். பொருளாதார அறிஞர் ஆடம் ஸ்மித் 1776-இல் அரசுக்கென்று ஒதுக்கிய வேலைகள் மூன்று: வெளியாரிடமிருந்து காப்பது, நீதி வழங்குவது, தனியாருக்குக் கட்டுப்படியாகாத பொதுக் காரியங்களைச் செய்வது. பெட்டியில் நடுவிலுள்ளது மட்டும் இருக்கிறது, அதுவும் அச்சிட்ட தாள் வடிவில்.

முழுதாக விடுபட்டது, ஒரே ஆள் எல்லாவற்றையும் வளைப்பதைத் தடுக்கும் வேலை. தடுத்தால் விளையாட்டே முடியாது, பெயரே ஏகபோகம் என்பதுதானே என்று சொல்லலாம். சரிதான். ஆனால் பலகையில் வரும் நாலு ரயில்வேயையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று இருந்தால் வாடகை 25, இரண்டில் 50, மூன்றில் 100, நாலும் ஒரே கையில் என்றால் 200. சேவையில் ஒரு மாற்றமும் இல்லை, ரயிலும் அதே ரயில். உரிமையாளர் ஒருவரே என்பதால் எட்டு மடங்கு. அமெரிக்கா 1887-இலேயே ரயில் கட்டணங்களைக் கண்காணிக்க ஆணையம் வைத்தது, 1890-இல் ஏகபோகத்தைத் தடுக்கும் ஷெர்மன் சட்டம் வந்தது, அதன் கீழ் 1911-இல் எண்ணெய்த் தொழிலை வளைத்திருந்த ஸ்டாண்டர்ட் ஆயில் 34 கம்பெனிகளாக உடைக்கப்பட்டது. பலகை இதற்கெல்லாம் முந்திய அமெரிக்காவில் நின்றுவிட்டது.

அப்படி நின்றது தற்செயல் இல்லை. எலிசபெத் மேகி என்ற அமெரிக்கப் பெண்மணி 1904-இல் ‘லேண்ட்லார்ட்ஸ் கேம்’ என்று காப்புரிமை பெற்ற விளையாட்டுதான் இதன் தாய். நிலத்தின் மதிப்பு மீது மட்டும் வரி போட வேண்டும் என்ற அமெரிக்கப் பொருளாதாரச் சிந்தனையாளர் ஹென்றி ஜார்ஜின் கொள்கையைப் புரியவைக்க அவர் அதை உருவாக்கினார். இரண்டு வகை விதிகள் வைத்தார்: ஒன்றில் ஒருவர் மற்ற எல்லாரையும் நசுக்குவார், மற்றொன்றில் நில வாடகை பொதுக் கருவூலத்துக்குப் போய் எல்லாருக்கும் பயன்படும். நமக்கு வந்து சேர்ந்தது முதல் வகை. சார்லஸ் டாரோ என்பவர் தன் கண்டுபிடிப்பு என்று கொடுத்ததை பார்க்கர் பிரதர்ஸ் என்ற விளையாட்டுக் கம்பெனி 1935-இல் வாங்கி, காப்புரிமையும் பெற்றது. மேகி பின்னர் பெற்ற இரண்டாவது காப்புரிமையையும் 500 டாலருக்கு வாங்கிவைத்துக்கொண்டது.

காப்புரிமையும் வணிகச்சின்னமும் அரசாங்கம் கொடுக்கும் ஏகபோகங்கள்தான். முதலாவது புதுமைக்குக் கூலியாகக் குறிப்பிட்ட காலத்துக்கு. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் 17 ஆண்டு. இரண்டாவது, வாங்குகிறவர் ஏமாறாமல் இருக்க. இதே பெட்டி இரண்டாவதில் சிக்கியது. பொருளாதாரப் பேராசிரியர் ரால்ஃப் ஆன்ஸ்பாக் 1973-இல் ‘ஆன்டி மோனோபொலி’ என்று ஒரு விளையாட்டை வெளியிட, வழக்கு வந்தது. 1977-இல் கீழ் நீதிமன்றத்தில் அவர் தோற்க, அவருடைய ஆயிரக்கணக்கான பெட்டிகள் மினசோட்டாவில் மண்ணில் புதைக்கப்பட்டன. பிறகு மேல்முறையீட்டு நீதிமன்றம் 1982-இல் அவர் பக்கம் நின்றது. மோனோபொலி பொதுப்பெயராகிவிட்டது என்றது. அந்தத் தீர்ப்பின் வாதம் இனி எடுபடாதபடி 1984-இல் அமெரிக்க நாடாளுமன்றம் வணிகச்சின்னச் சட்டத்தையே திருத்தியது. போட்டியாளரை அடக்கவும் காக்கவும் ஒரே அரசாங்கத்தின் வெவ்வேறு கைகள் வேலை செய்த கதை. விதித்தாளோடு இதையும் ஒரு பக்கம் அச்சிட்டுச் சேர்த்திருந்தால் பெட்டிக்கு இன்னும் ஒரு நட்சத்திரம் கொடுக்கலாம்.

பாடம் நடத்த வாங்குகிறவர்களுக்குச் சில திருத்தங்கள். முதல் ஆட்டம் அச்சிட்ட விதிப்படியே, ஏலம் கட்டாயம், ஃப்ரீ பார்க்கிங் பரிசு கிடையாது. அடுத்த ஆட்டத்துக்கு ஒரு திருத்தம். எல்லாவற்றையும் ஒரே நாளில் நுழைத்தால் எது எதை மாற்றியது என்று தெரியாமல் போகும்.

முதலில் கருவூலம். வங்கியிலிருந்து பிரித்து ஒரு கிண்ணம் வையுங்கள். வரி, அபராதம், பராமரிப்பு எல்லாம் அதில். அதைக் கவனிக்க விளையாடாத ஒருவர் வேண்டும். வங்கியாளரே கருவூலத்தையும் பார்த்தால் பணம் கலந்துவிடும், எங்கே எவ்வளவு என்று இரண்டாவது சுற்றிலேயே தெரியாமல் போகும். பிறகு நில வரி: கோ தாண்டும்போது வைத்திருக்கும் நிலத்தின் அச்சிட்ட விலையில் 10 சதவீதம். போர்ட்வாக்குக்கு 40, ஆரஞ்சு மூன்றுக்கும் 56. கட்டாமல் வெறும் நிலத்தைப் பிடித்து வைத்திருப்பவர்கள் மூன்றாவது சுற்றிலேயே விற்க வருவார்கள். இன்னொரு ஆட்டத்தில் அதை எடுத்துவிட்டு வீட்டுக்கு 30 டாலர் வரி போடுங்கள். இப்போது கட்டுவதே குறையும், முதல் இரண்டு வீட்டைப் போட யோசிப்பார்கள். வரி ஒன்றுதான் என்றாலும் எதன் மேல் போடுகிறோம் என்பதைப் பொறுத்து ஆட்கள் நடக்கும் விதம் மாறுகிறது. மேகி காட்ட நினைத்ததும் கிட்டத்தட்ட இதுவே.

பொத்தான் ஆலைதான் சுவையானது. வங்கியில் வீடு தீர்ந்ததும், 400 டாலர் கட்டும் யாரும் ஆலை திறக்கலாம். தன் முறை வரும்போது இரண்டு பொத்தான் வரை செய்யலாம் (ஒரு பொத்தான் ஒரு வீடு), ஒவ்வொன்றுக்கும் 60 டாலர் வங்கிக்கு. அதை யாருக்கும் எந்த விலைக்கும் விற்கலாம். ஒரே ஆலை இருக்கும்வரை பொத்தான் 200, 250 என்று போகும். அந்த லாபத்தைப் பார்த்து இரண்டாவது ஆலை வந்த சுற்றிலேயே விலை நூறை நோக்கி இறங்கும். இறங்காவிட்டால், இரண்டு ஆலைக்காரர்களும் மேசைக்கு அடியில் கண் ஜாடை காட்டுகிறார்கள் என்று அர்த்தம்; கருவூலத்தைக் கவனித்துக்கொண்டு அரசாங்க நாற்காலியில் இருப்பவர் விழித்துக்கொள்ள வேண்டிய நேரம் அது. விலைக் கூட்டணி பிடிபட்டால் ஆளுக்கு 150 அபராதம் என்று வைத்துக்கொள்ளலாம்.

திவால் விதியையும் மாற்றலாம். அச்சிட்டபடி, தோற்றவர் எல்லாவற்றையும் தன்னிடமிருந்து பணம் வர வேண்டியவரிடம் கொடுத்துவிட்டு எழுந்து போக வேண்டும். நிஜத்தில் தொழில் முனைபவருக்குத் திவால் சட்டம் மறுபடி தொடங்க வழி விடுகிறது. சொத்தெல்லாம் போனபின் கருவூலத்திலிருந்து 300 கொடுத்து மறுபடி உட்கார வைத்தால் போதும். ஆட்டம் கொஞ்சம் நீளும். நாலு பேரில் ஒருவர் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருக்கும் கொடுமை இருக்காது. 300-ஐ 800 ஆக்கிவிடாதீர்கள்; விழுந்தால் மெத்தை இருக்கிறது என்று தெரிந்ததும் கண்ணை மூடிக்கொண்டு ஏலம் கேட்பார்கள்.

எந்தப் பதிப்பு? காகித நோட்டு வரும் சாதாரணப் பதிப்பு. அட்டை தேய்க்கும் மின்னணுப் பதிப்பில் கணக்குச் சுலபம், ஆனால் கையிலிருந்து காசு போவது கண்ணுக்குத் தெரியாது, மேலே சொன்ன கருவூலமும் வரியும் அதில் செய்வது கடினம். ஜூனியர் பதிப்பில் வந்து நின்ற இடத்தை வாங்கியே தீர வேண்டும், ஏலம் கிடையாது. இந்த நோக்கத்துக்கு அது உதவாது. காகித நோட்டு மெல்லியது, மடிப்பில் கிழியும். 20, 10 டாலர் நோட்டுகள் சீக்கிரம் தீரும், பத்து இருபது துண்டுத்தாள் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பெட்டியின் உள்தட்டு வீடுகளைப் பிடித்து வைக்காது. சின்ன மூடி டப்பா ஒன்று தேவைப்படும். எடுத்து வைக்கும்போது எண்ணிப் போடுங்கள். சோபாவுக்கு அடியில் நாலு வீடு தொலைந்து 28 ஆகிவிட்டால், அடுத்த ஆட்டத்தில் வெளிர்நீலமும் ஆரஞ்சும் பிடித்தவருக்குப் பின் மிச்சம் நாலுதான்.